முட்டிச் சில்லை மூடுவதா, விடுவதா?

தறியில் ஈட்டிய பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கொரு முறை இந்த ஊர் மக்களுக்குப் புரியும்படி ஒரு மருத்துவர் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்த குடும்பத்தாருக்கு முதலில் என் நன்றி. “மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசுங்கள், எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்” என்று அழைக்க வந்தவர்கள் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் முழு மூட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டின் முன்பக்கம், கையை வைத்தால் வட்டமாகத் தட்டுப்படுகிறதே, அந்தச் சில்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூட்டு மாற்று அறுவையில் தொடையெலும்பின் முனையைச் சீவி உலோகம் பொருத்துகிறோம். கீழ்க்கால் எலும்பின் தலையைச் சமமாக அறுத்து அங்கே ஓர் உலோகத் தட்டும், அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் தகடும் வைக்கிறோம். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த இரண்டும் உண்டு. சில்லுக்கு வரும்போதுதான் வழி பிரிகிறது. சில்லின் பின்புறத்தைச் சீவிவிட்டு ஒரு பிளாஸ்டிக் வில்லையைச் சிமெண்ட் வைத்து ஒட்டலாம். அறுவை அரங்கில் அதைப் ‘பட்டன்’ என்கிறோம். அல்லது சில்லை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரத்தில் முளைத்திருக்கும் எலும்புத் துருத்தல்களை மட்டும் செதுக்கிவிட்டுத் தைத்துவிடலாம். 2004 முதல் 2014 வரையான பதிவேடுகளைப் பார்த்தால், அமெரிக்காவில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பட்டன் வைத்திருக்கிறார்கள். நார்வேயில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட வைக்கவில்லை. இரண்டு நாட்டிலும் தேய்வது ஒரே மூட்டுதான். ஆசிரியர் எதைச் செய்தாரோ அதை மாணவரும் செய்கிறார், அவருடைய மாணவரும் செய்கிறார். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் அதுதான் என்பது என் கருத்து.

இந்தியாவில் மருத்துவர்களாகிய எங்களில் பலர் மூட்டைத் திறந்து சில்லைப் பார்த்து, அதன் நிலையைப் பொறுத்து முடிவு செய்கிறோம். அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவு நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது எடுக்கப்படுகிறது. முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை, பின்னாலும் சொல்வதில்லை. அறுவை முடிந்து பல ஆண்டு ஆனவர்களிடம் “உங்களுக்குச் சில்லில் பட்டன் வைத்தார்களா?” என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். இது மாற வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்தேன்.

சில்லு என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். தொடையின் முன்தசை கீழே இறங்கி ஒரு தடித்த தசைநாணாகி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பில் போய்ப் பிடிக்கிறது. அந்த நாணுக்குள் பதிந்திருக்கும் எலும்புதான் சில்லு. நம் உடம்பில் தசைநாணுக்குள் வளரும் எலும்புகளில் இதுவே பெரியது. கிணற்றில் கப்பி இருந்தால் கயிறு இழுப்பது எப்படி எளிதாகிறதோ, அப்படித் தொடைத் தசை இழுக்கும் கோணத்தை மாற்றி, காலை நீட்டும் வலுவைச் சில்லு கூட்டித் தருகிறது. அந்த வேலைக்காக அதன் பின்புறத்தில் இயற்கை தடித்த குருத்தெலும்பைப் பூசிவைத்திருக்கிறது. உடம்பில் வேறெங்கும் இவ்வளவு தடிப்பு கிடையாது.

எவ்வளவு பாரம் விழுகிறது தெரியுமா? 1972இல் ரெய்லி, மார்ட்டன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே உடல் எடையில் பாதி விழுகிறது. படி ஏறி இறங்கும்போது அது எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல். முழங்காலை நன்றாக மடக்கிக் குத்துக்காலிட்டு எழுந்தால் ஏழு மடங்குக்கு மேல். அறுபது கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்கு நடக்கும்போது முப்பது கிலோ. படியில் ஏறக்குறைய இருநூறு கிலோ. குத்துக்காலிட்டு எழும்போது நானூற்றைம்பது கிலோ.

இந்த எண்களோடு நம் காஞ்சிபுரத்தைப் பாருங்கள். வரதராசப் பெருமாளைச் சேவிக்க அத்திகிரியின் இருபத்து நான்கு படிகளை ஏற வேண்டும். ஏறியவர் இறங்கவும் வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்தவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார். சாப்பாட்டுக்கோ இயற்கைக் கடனுக்கோ எழ வேண்டும் என்றால் இரு கையையும் பலகையில் ஊன்றி, மடங்கிய முழங்காலின்மேல் உடம்பின் பாரத்தை ஏற்றித்தான் வெளியே வர முடியும். கோர்வைச் சேலையென்றால் கரைக்கு நாடா எறியப் பக்கத்தில் இன்னொருவர். வீட்டுப் பெண்கள் ராட்டையின் முன் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார்கள். பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இதெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வருவது, இவர்களுடைய முழங்காலில் நடையைவிட எழுந்திருப்பதும் படியுமே பெரிய சோதனை, அந்தச் சோதனை நேராகச் சில்லின்மேல்தான் விழுகிறது என்பதே. “நடந்தா வலி இல்ல டாக்டர், படி இறங்கும்போதுதான் முன்னாடி குத்துது” என்று ஓர் அம்மா சொன்னால், அவர் தன் சில்லைப் பற்றிப் பேசுகிறார்.

சில்லுக்கு மதிப்பே இல்லை என்று நினைத்த காலமும் உண்டு. 1937இல் ரால்ப் புரூக் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், உடைந்த சில்லை முழுவதுமாக எடுத்துவிடலாம், கால் அதனால் கெடாது என்று எழுதினார். அதை நம்பிப் பலருக்குச் சில்லை எடுத்தார்கள். அவர்கள் நடந்தார்கள், ஆனால் படியில் கால் தளர்ந்தது. 1971இல் காஃபர் என்ற அமெரிக்கர், சில்லு இல்லாவிட்டால் காலை நீட்டத் தசைக்கு எவ்வளவு கூடுதல் பலம் தேவைப்படுகிறது என்பதை அளந்து காட்டிய பிறகுதான் அந்த நம்பிக்கை தளர்ந்தது. தேய்ந்த மூட்டுக்காகச் சில்லை எடுப்பதை இன்று யாரும் முதல் வழியாகச் சொல்வதில்லை.

மூட்டு மாற்றிலும் சில்லு தாமதமாகத்தான் கவனம் பெற்றது. முதலில் வந்த செயற்கை மூட்டுகள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மட்டுமே கவனித்தன. பாரம் சுமக்கும் இடத்தில் வலி தீர்ந்தவர்களில் பலர் முன்பக்க வலியோடு திரும்பி வந்தார்கள். 1974இல் நியூயார்க்கில் இன்சால், ரானாவத், வாக்கர் ஆகியோர் உருவாக்கிய முழு மூட்டில்தான் சில்லுக்கும் பிளாஸ்டிக் குமிழ் ஒன்று சேர்ந்தது. இதில் வரும் சித்தரஞ்சன் ரானாவத் மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். அப்போதைய பிரதமர் வாஜ்பாயின் இரண்டு முழங்கால்களுக்கும் 2000 அக்டோபரிலும் 2001 ஜூனிலும் மும்பையில் அறுவை செய்தவர் அவரே. அந்தச் செய்திக்குப் பிறகுதான் மூட்டு மாற்று என்ற சொல்லே நம் வீடுகளுக்குள் வந்தது.

1980களில் பட்டனுக்குப் பின்னால் ஓர் உலோகத் தகட்டை வைத்து, சிமெண்ட் இல்லாமல் எலும்போடு பிணைய விடலாம் என்று முயன்றார்கள். உலோகம் இடத்தை அடைத்துக்கொண்டதால் பிளாஸ்டிக் மெலிந்தது. ஓரத்தில் அது தேய்ந்து ஓட்டையாகி, உலோகத்தோடு உலோகம் உரசி, மூட்டுக்குள் கருநிறத் துகள் நிறைந்தது. பட்டன் மீதே மருத்துவர்களுக்கு அச்சம் வந்தது அப்போதுதான். ஐரோப்பாவில் பலர் அதைக் கைவிட்டதில் அந்த அனுபவத்துக்குப் பங்கு உண்டு. இன்று பரவலாக வைப்பது முழுக்கப் பாலிஎதிலீனால் ஆன, மூன்று சிறு முளைகள் கொண்ட, சிமெண்டில் ஒட்டும் பட்டன். பழைய தோல்விக் கதையை இதன்மேல் ஏற்றக் கூடாது.

இனி ஒப்பிடுவோம்.

பட்டன் வைப்பதன் வாதம் நேரானது. தேய்ந்த குருத்தெலும்பை விட்டுவைத்தால் அது உலோகத்தின்மேல் உரசும், உரசினால் வலிக்கும், ஆகவே மாற்றிவிடு. வைக்காததன் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. சில்லு சிறிய எலும்பு. அதற்கு இரத்தம் சுற்றியிருக்கும் ஒரு மெல்லிய குழாய் வளையத்திலிருந்து வருகிறது. பின்புறத்தை அறுத்து, முளைகளுக்குத் துளையிட்டு, சில்லை நேராக்கப் பக்கவாட்டுத் திசுவையும் வெட்டினால் அந்த வளையம் பாதிக்கப்படலாம். எலும்பு வலுவிழக்கலாம், உடையலாம். பட்டன் கழன்று வரலாம். மிக மோசமாக, தசைநாணே அறுந்துபோகலாம். இவை அரிதானவை. ஆனால் வந்தால், மூட்டு மாற்றில் சரிசெய்யக் கடினமான சிக்கல்களில் சேர்ந்தவை.

இங்கே மில்லிமீட்டர் கணக்குக்கு வர வேண்டும். என் மாணவர்களிடம் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் இது. வளர்ந்தவரின் சில்லு 22 முதல் 26 மில்லிமீட்டர் வரை தடிப்பு இருக்கும் என்பது மேல்நாட்டுப் பாடநூல் கணக்கு. பட்டனின் தடிப்பு எட்டு முதல் பத்து. 25 தடிப்புள்ள சில்லில் பத்தை அறுத்துவிட்டுப் பத்தை வைத்தால் 15 மில்லிமீட்டர் எலும்பு மிஞ்சும், தொல்லை இல்லை. 1991இல் வந்த ஓர் ஆய்வு, மிஞ்சும் எலும்பு 15க்குக் கீழே போகப் போக அதன்மேல் விழும் இழுவிசை கூடுகிறது என்று காட்டியது. நம் பெண்கள் பலருக்குச் சில்லே இருபதுக்கு அருகில்தான் இருக்கிறது. தேய்மானம் அதிலும் கொஞ்சம் தின்றிருக்கும். அந்தச் சில்லில் பத்தை அறுத்தால் மிஞ்சுவது பத்து. அது உடைவதற்குக் காத்திருக்கும் எலும்பு. பயந்துகொண்டு குறைவாக அறுத்துப் பட்டனை வைத்தாலோ மொத்தத் தடிப்பு கூடிவிடும். இரண்டு மில்லிமீட்டர் கூடினால் முழங்கால் மடங்குவது சராசரியாக மூன்று பாகை குறைகிறது என்று 2006இல் பெங்ஸ், ஸ்காட் இருவரும் அறுவை மேசையிலேயே அளந்து எழுதினார்கள். நாற்காலியிலேயே வாழ்நாள் கழிக்கிறவருக்கு மூன்று பாகை பொருட்டல்ல. தறிப்பலகையில் ஏறி இறங்குகிறவருக்குப் பொருட்டுதான்.

ஆகவே சில்லை அறுப்பதற்கு முன்னும் பின்னும் அளவுகோலால் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து மட்டும் அறுக்கக் கூடாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பட்டன் வைக்காமல் விடும்போது, துருத்தல்களைச் செதுக்குவதோடு, சில்லின் ஓரத்தைச் சுற்றி மின்கத்தியால் இலேசாகச் சுட்டு, வலியைக் கடத்தும் நுண்நரம்புகளைச் செயலிழக்கச் செய்வது. இதற்குக் கூடுதல் பொருள் எதுவும் வேண்டாம். சில நிமிட வேலை. நெதர்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஒரு சோதனையில், சுடாதவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு ஓராண்டில் முன்பக்க வலி இருந்தது. சுட்டவர்களில் 19 பேருக்கு. நல்ல பலன்தான். ஆனால் அதே நோயாளிகளைச் சில ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவுக்கும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. நரம்பு மறுபடி வளர்கிறது. முதல் ஆண்டின் வலி குறைந்தால் தொடைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதால் நான் இதைச் செய்கிறேன். நீண்ட காலத் தீர்வு என்று யாருக்கும் சொல்வதில்லை.

இந்தக் கேள்வியில் நமக்குக் கிடைத்த பெரிய சான்று பிரிட்டனில் இருந்து வந்தது. 34 மருத்துவமனைகளும் 116 அறுவை மருத்துவர்களும் சேர்ந்து 1999 முதல் 2003 வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். அவர்களில் 1,715 பேரைப் பட்டன் வைப்பதா, வேண்டாமா என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பத்து ஆண்டு கழித்தும் இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமும் தன் வழிகாட்டுதலில், வலியிலும் செயல்பாட்டிலும் வேறுபாடு இல்லை என்றே சொல்கிறது. ஆனால் பட்டன் வைக்காதவர்களில் சிலர் பின்னாளில் சில்லுக்காக இன்னொரு முறை மேசைக்கு வருகிறார்கள். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது பத்தாண்டுக் கணக்கில் பட்டன் வைப்பதே சிக்கனம் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2020 ஜூனில் அந்நாட்டின் ‘நைஸ்’ என்ற மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு, மூட்டு மாற்று செய்துகொள்ளும் எல்லோருக்கும் சில்லை மூடுவதை, அதாவது பட்டன் வைப்பதை, முன்வையுங்கள் என்று அறிவுறுத்தியது.

இந்த முடிவை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய எனக்குத் தயக்கம் உண்டு. மறு அறுவை எண்ணிக்கை என்பது வலியின் நேரான அளவல்ல. பட்டன் வைக்காத ஒருவர் வலியோடு வந்தால், மருத்துவரிடம் செய்வதற்கு ஒன்று தயாராக இருக்கிறது: பட்டன் வைக்கலாம். ஏற்கெனவே வைத்தவர் அதே வலியோடு வந்தால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். முதலாமவர் மறு அறுவைக் கணக்கில் ஏறுகிறார். இரண்டாமவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதோடு அங்கே சராசரிச் சில்லு நம்முடையதைவிடத் தடிப்பானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. நம் ஊர் நெசவாளருக்கு இரண்டாவது அறுவை என்பது மருத்துவமனைச் செலவு மட்டுமல்ல. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்று கிடைக்கிறது. ஆனால் தறி நின்றுபோகும் மாதங்களுக்குக் காப்பீடு இல்லை. ஒரு தறி நின்றால் கரை போடுகிறவருக்கும் தார் சுற்றுகிறவருக்கும் சேர்த்து வேலை நிற்கிறது. “இப்போது விட்டுவிடுவோம், வலித்தால் பிறகு பட்டன் வைத்துக்கொள்ளலாம்” என்று மருத்துவர் இலேசாகச் சொல்லிவிடக் கூடாது. அப்படிப் பின்னால் வைத்தவர்கள் எல்லோருக்கும் வலி தீர்வதில்லை. கணிசமானவர்களுக்கு அந்த இரண்டாம் அறுவை வீணாகிறது.

இதையெல்லாம் வைத்து நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். சில்லின் பின்புறத்தில் குருத்தெலும்பு போய் எலும்பு வெளியே தெரிகிறது, முன்பக்க வலிதான் நோயாளியின் முதன்மைக் குறை, அறுத்த பிறகும் போதிய எலும்பு மிஞ்சும் என்றால் பட்டன் வைக்கிறேன். முடக்குவாதத்தில் மீதிக் குருத்தெலும்பையும் நோய் அரிக்கக்கூடும் என்பதால் அங்கேயும் வைப்பதன் பக்கமே சாய்கிறேன். மிஞ்சும் எலும்பு 13 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் என்றால், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வைப்பதில்லை. குருத்தெலும்பு நன்றாக இருக்கிறது, சில்லு பள்ளத்தில் நடுவாக ஓடுகிறது, நோயாளியும் இளையவர் என்றால் விட்டுவிடுகிறேன். வேறு மருத்துவர் வேறு எல்லை வைத்திருப்பார். அவர் அதை அளந்து, காரணத்தோடு வைத்திருந்தால் எனக்கு அவரோடு சண்டையில்லை.

இந்தப் பட்டன் விவாதத்தின் நிழலில் மறைந்துபோகும் ஒன்று அதைவிட முக்கியமானது. தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் பொருத்தும் உலோகம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தால், சில்லு தன் பள்ளத்தை விட்டு வெளிப்பக்கம் இழுபடும். 1998இல் பெர்கரும் குழுவினரும் ஸ்கேன் எடுத்து அளந்தார்கள். இரண்டு உலோகங்களின் உள்திருப்பத்தையும் கூட்டிப் பார்த்தால், ஒன்று முதல் நான்கு பாகை வரை சில்லு சாய்கிறது. மூன்று முதல் எட்டு வரை பாதி நழுவுகிறது. ஏழு முதல் பதினேழு வரை முழுதாகவே விலகுகிறது அல்லது பட்டன் கெட்டுப்போகிறது. உலோகம் தவறாகத் திரும்பிய முழங்காலில் பட்டன் வைத்தாலும் வலிக்கும், வைக்காவிட்டாலும் வலிக்கும். பொருத்திய பின் தைப்பதற்கு முன், விரலால் சில்லைப் பிடிக்காமலே முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். அது தானாக நடுவில் ஓடினால்தான் தைக்க வேண்டும். இளம் மருத்துவர்கள் இந்த ஒரு நிமிடத்தை எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விலை போட்டிருந்த கோபால்ட் குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அந்தத் தொகையில் சில்லுப் பட்டனின் பங்கு 4,090 ரூபாய். ஆக, பட்டன் வைப்பதா வேண்டாமா என்பதைப் பணத்தை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வைக்காத பட்டனுக்குப் பில் வரக் கூடாது. ஒவ்வொரு பாகத்தின் உறையிலும் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை நோயாளியின் கோப்பில் ஒட்டுவோம். தொடைக்கு ஒன்று, கீழ்க்காலுக்கு ஒன்று, இடைத் தகட்டுக்கு ஒன்று. சில்லுக்கு வைத்திருந்தால் அதற்கும் ஒன்று. வீட்டுக்குப் போகும் முன் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் “சில்லு மூடப்பட்டது” அல்லது “மூடப்படவில்லை” என்று எழுதச் சொல்லுங்கள். அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும்போதே, “என் சில்லுக்கு என்ன செய்யப் போகிறீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். “நான் தறியில் உட்காருகிறவன்”, “என் வீடு மாடியில்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அய்யாவோ அம்மாவோ கேட்கத் தயங்கினால், கூட வந்திருக்கும் மகனோ மருமகளோ கேட்கலாம்.

கடைசியாக, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு, பட்டன் இல்லாமல், முன்பக்கம் வலியோடு இந்த அவையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. பட்டன் வைத்தால் சரியாகிவிடும் என்று உடனே மேசையில் ஏறாதீர்கள். முதலில் மூட்டுக்குள் கிருமித் தொற்று இல்லை என்று இரத்தப் பரிசோதனையாலும், தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தும் உறுதி செய்ய வேண்டும். இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாகக் காட்டலாம். அதையும் பார்க்க வேண்டும். உலோகம் சரியான திருப்பத்தில் இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் அளக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்து, சில்லின் எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருப்பது தெரிந்து, தொடையின் முன்தசைக்கான பயிற்சியைச் சில மாதம் விடாமல் செய்தும் படி இறங்க முடியவில்லை என்றால், அப்போது பட்டனைப் பற்றிப் பேசலாம். பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை தொடையை இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். காலையில் பத்து, மாலையில் பத்து. வலி கூடினால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன்.